11 மீட்டர் அலமாரி

சரஸ்வதி பூஜை அன்று வீட்டில் உள்ள புத்தகங்களையெல்லாம் அடுக்கி, சந்தனமும் குங்குமமும் வைத்து, மறுநாள் வரை யாரும் தொடக்கூடாது என்பார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அதைவிடப் பெரிய வரம் கிடையாது. புத்தகம் கண்ணெதிரே இருக்கும், மரியாதையாக இருக்கும், படிக்கத்தான் முடியாது. புத்தகத்தை அலங்காரமாக வைத்துத் தொழில் செய்யும் ஹோட்டல்களைப் பார்த்தால் எனக்கு அந்த நாள்தான் ஞாபகத்துக்கு வரும். அங்கே வருஷம் முழுக்க சரஸ்வதி பூஜை.

சில வருடங்களுக்கு முன்பு ஒரு மலையூரில் தங்கினேன். பெயர் வேண்டாம். விளம்பரத்தில் 'வாசகர்களுக்கான விடுதி' என்று போட்டிருந்தார்கள். வரவேற்பறையில் சுவர் முழுக்கத் தோல் அட்டைப் புத்தகங்கள். ஆசையாக ஒன்றை இழுத்தேன். வரவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தி இழுத்ததும் பத்துப் புத்தகங்கள் ஒரே பலகையாகக் கையோடு வந்தன. முதுகுகள் மட்டும் செய்து, தெர்மோகோலில் ஒட்டியிருக்கிறார்கள். வரவேற்பறைப் பையன் ஓடிவந்து வாங்கித் திரும்பப் பொருத்தினான். முகத்தில் கோபம் இல்லை, பழகிப்போன சலிப்புதான் இருந்தது. எனக்கு முன்னால் பலர் இழுத்திருக்க வேண்டும்.

அன்றிலிருந்து இந்த வகை ஹோட்டல்களைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் சேர்த்துவைக்க ஆரம்பித்தேன். போலிப் புத்தகத்தை விட்டுவிடுவோம், அது ஆய்வுக்கு லாயக்கில்லை. நிஜப் புத்தகங்களை வைத்து, கூடவே ஸ்பாவும் அமைந்து, நன்றாகவே நடந்துகொண்டிருக்கும் ஓர் இடத்தை எடுத்துக்கொண்டு, அங்கே புத்தகம் உண்மையில் என்ன வேலை செய்கிறது என்று பார்ப்பதுதான் சரி. அதற்கு சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் உள்ள பி2 ஹோட்டலை விடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

ஒரு பீர் ஆலையின் மறுபிறவி

ஹூர்லிமான் என்பது சுவிட்சர்லாந்தின் பழைய பீர் பெயர்களில் ஒன்று. 1836-ல் தொடங்கிய குடும்பத் தொழில். பிறகு சூரிச்சின் எங்கே பகுதிக்கு இடம் மாறிப் பெரிய ஆலையாக வளர்ந்தது. எங்கே என்பது அந்தப் பகுதியின் பெயர்தான், கேள்வி இல்லை. ஈஸ்ட் ஆராய்ச்சியில் கெட்டிக்காரர்கள். அதனால்தான் சாமிக்ளவுஸ் என்ற 14 சதவீத பீரை அவர்களால் செய்ய முடிந்தது. சாதாரண ஈஸ்ட் அந்த அளவு ஆல்கஹாலில் செத்துப்போகும். வருடத்தில் ஒரே ஒரு நாள், புனித நிக்கோலஸ் திருநாளான டிசம்பர் 6 அன்று மட்டும் காய்ச்சுவார்கள், மாதக்கணக்கில் ஊறவைப்பார்கள். 1990களில் ஆலை ஒரு பெரிய போட்டியாளரிடம் போய்ச் சேர்ந்தது, காய்ச்சுவது நின்றது. சாமிக்ளவுஸ் இப்போது ஆஸ்திரியாவில் வேறோர் ஆலையில் பிறக்கிறது.

ஆலை போன பிறகு கட்டடங்கள் நின்றன. செங்கல்லும் கல்லும் கொண்டு கட்டிய, உயரம் உயரமான கூடங்கள். கூகுள் நிறுவனம் 2008-ல் அந்த வளாகத்துக்குக் குடிவந்தது. கட்டடங்களில் ஒரு பகுதி 2012-ல் 60 அறைகள் கொண்ட பி2 ஹோட்டலாக மாறியது. அதே வளாகத்தில், பீர் இருந்த பழைய கல் நிலவறைகளில் குளியல்.

தண்ணீர் கதையும் ஆலையின் கதைதான். வளாகத்தின் அடியில் இருந்து கனிம நீர் வருகிறது, அக்வி என்று பெயர். சுமார் 500 மீட்டர் ஆழத்து நீர். தெருவில் அதற்கென்று ஒரு பொதுக்குழாய் வைத்திருக்கிறார்கள். ஊர்க்காரர்கள் பாட்டில்களைக் கொண்டுவந்து காசு கொடுக்காமல் பிடித்துப் போகிறார்கள். அதே நீர்தான் உள்ளே மரப்பீப்பாய் வடிவத் தொட்டிகளில் 35 முதல் 41 டிகிரி வரை வெவ்வேறு சூட்டில் நிரம்புகிறது. மொட்டை மாடியில் ஒரு குளம் உண்டு, கழுத்தளவு வெந்நீரில் நின்றபடி நகரத்தின் கூரைகளைப் பார்க்கலாம். இந்த இடத்தின் படம் என்று எங்கே பார்த்தாலும் ஒன்று அந்த மாடிக் குளம் இருக்கும், இல்லையென்றால் நான் சொல்லவரும் அலமாரி இருக்கும்.

ஹோட்டலின் பொதுக்கூடத்தில் 33,000 புத்தகங்கள். அலமாரி 11 மீட்டர் உயரம். கூரையிலிருந்து ஹூர்லிமான் பீர் பாட்டில்களால் செய்த பெரிய சரவிளக்குகள் தொங்குகின்றன. அதற்கு வைத்திருக்கும் பெயர் ஒயின் நூலகம். பீர் ஆலையில் ஒயின் நூலகம் என்பது கொஞ்சம் துரோகம்தான், ஆனால் கூடம் அழகு. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஏன் புத்தகம்?

கட்டடக்கலைக் கண்ணோடு பார்த்தால் இந்தக் கேள்விக்கு விடை சுலபம். தொழிற்சாலைக் கூடத்தை ஹோட்டல் ஆக்குகிறவர்களுக்கு இரண்டு தலைவலிகள். ஒன்று உயரம். மூன்று மாடி உயரச் சுவரை வெறுமனே விட்டால் ரயில் நிலையம் மாதிரி இருக்கும். இன்னொன்று எதிரொலி. கல்லும் கண்ணாடியும் சூழ்ந்த கூடத்தில் நாலு பேர் பேசினால் நாற்பது பேர் பேசுவது போலக் கேட்கும். புத்தகம் இரண்டுக்கும் மருந்து. வெவ்வேறு உயரமும் தடிமனும் உள்ள முதுகுகள் ஒலியைச் சிதறடிக்கும், காகிதம் அதைக் கொஞ்சம் விழுங்கும். எடைப் பிரச்சினையும் கிடையாது. புத்தகம் ஒன்றுக்கு அரைக் கிலோ என்று தோராயமாக வைத்தாலும் 16 டன்னுக்கு மேல் வருகிறது. சாதாரண வீட்டுத் தளத்தில் அதை ஏற்ற முடியாது. பீர் கொப்பரைகளையும் இயந்திரங்களையும் தாங்கக் கட்டிய இடத்துக்கு அது பெரிய பாரம் இல்லை.

வியாபாரக் கண்ணோடு பார்த்தாலும் பொருத்தம்தான். ஸ்பாவுக்குப் போகிறவர் வாங்குவது அவசரமில்லாத நேரத்தை. புத்தகமும் அதே சரக்கு. இரண்டையும் ஒரே விலைச்சீட்டில் கட்டினால் ஒன்று இன்னொன்றை விற்றுக்கொடுக்கும்.

வாசகர் கண்ணோடு பார்க்கும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. அதற்கு நம் ஊர்க்காரர் ஒருவரை அழைத்துக்கொள்ள வேண்டும்.

சீர்காழியிலிருந்து ஓர் அளவுகோல்

எஸ். ஆர். ரங்கநாதன் 1892-ல் சீர்காழியில் பிறந்தவர், கணித ஆசிரியர். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகர் ஆனார். 1931-ல் வெளிவந்த அவருடைய ஐந்து விதிகளை உலகம் முழுவதும் நூலகப் படிப்பில் சொல்லித்தருகிறார்கள். முதல் விதி சின்ன வாக்கியம். புத்தகங்கள் பயன்படுத்துவதற்கே.

இதில் என்ன பெரிய கண்டுபிடிப்பு என்று தோன்றும். அவர் அந்த ஒரு வரியை விரித்துக்கொண்டே போகும் விதத்தில்தான் விஷயம் இருக்கிறது. நூலகம் ஊரில் எங்கே இருக்க வேண்டும், எத்தனை மணி வரை திறந்திருக்க வேண்டும், மேசை நாற்காலி எப்படி இருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாக அந்த விதியிலிருந்தே வரவழைப்பார். அலமாரிக்கும் அங்கே இடம் உண்டு. பாதுகாப்பதுதான் நோக்கம் என்று இருந்த காலத்தில் கூரை வரை அடுக்கினார்கள், குறைந்த செலவில் நிறையப் புத்தகம் கொள்ளும். பயன்படுத்துவதுதான் நோக்கம் என்றால், சராசரி உயரமுள்ள ஓர் ஆள் வெறும் தரையில் நின்றபடி எட்டுகிற உயரத்தோடு அலமாரி நின்றுவிட வேண்டும். ஏணி வேண்டாம், முக்காலி வேண்டாம், சிப்பந்தியைக் கூப்பிட வேண்டாம்.

இந்த அளவுகோலை சூரிச்சில் வைத்துப் பார்ப்போம். தரையில் நின்று கை நீட்டினால் ஏறக்குறைய 2 மீட்டர் எட்டும். அலமாரி 11 மீட்டர். புத்தகங்கள் மேலிருந்து கீழே சமமாக அடுக்கப்பட்டிருப்பதாக வைத்துக்கொண்டால், 33,000-ல் கைக்கு எட்டுவது 11-ல் 2 பங்கு, அதாவது 6,000. மீதி 27,000 புத்தகங்கள் சுவர். நல்ல சுவர், விலையுயர்ந்த சுவர், எதிரொலியை அடக்கும் சுவர். ஆனாலும் சுவர்தான்.

இந்த 6,000 என்ற எண்ணைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நியூயார்க்கின் எண்கள்

மாடிசன் அவென்யூவும் 41-வது தெருவும் சந்திக்கும் மூலையில், நியூயார்க் பொது நூலகத்துக்கு எட்டிநடை தூரத்தில், 2000-ல் திறந்த லைப்ரரி ஹோட்டல் இருக்கிறது. தற்செயலாக அங்கேயும் 60 அறைகள். ஆனால் புத்தகத்தை வேறு விதமாகப் பங்கிட்டார்கள். நூலகங்களில் புத்தகங்களைப் பொருள்வாரியாகப் பத்துப் பிரிவாக எண்ணிட்டு அடுக்க, மெல்வில் டியூயி என்ற அமெரிக்க நூலகர் 1876-ல் வெளியிட்ட தசமப் பகுப்பு முறையை அப்படியே கட்டடத்தின் மேல் போர்த்திவிட்டார்கள். மூன்றாம் மாடி சமூக அறிவியல், ஐந்தாம் மாடி கணிதமும் அறிவியலும், எட்டாம் மாடி இலக்கியம். டியூயி முறையில் 000, 100, 200 என்று வரும் பொது அறிவு, தத்துவம், மதம் மூன்றுக்கும் மாடி எண் பொருந்தாது. அவற்றைப் பத்து, பதினொன்று, பன்னிரண்டாம் மாடிகளுக்கு ஏற்றிவிட்டார்கள். மாடிக்கு ஆறு அறை, ஒவ்வொன்றும் ஓர் உட்பிரிவு. ஐந்தாம் மாடியில் ஒருவர் டைனோசரோடு தூங்கலாம், பக்கத்து அறைக்காரர் வானியலோடு.

மொத்தம் சுமார் 6,000 புத்தகங்கள். சூரிச்சில் கைக்கு எட்டும் அதே எண்ணிக்கை. சராசரியாக அறைக்கு 100 என்று வருகிறது, பெரும்பாலும் கட்டிலுக்குப் பக்கத்தில். 33,000 புத்தகம் என்று விளம்பரம் செய்ய முடியாது, படம் எடுத்தாலும் அவ்வளவு அசத்தாது. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கம் கலைந்தவருக்கு எது உதவும் என்று கேட்டால் பதில் தெளிவு.

இதில் ஒரு வேடிக்கை. டியூயி எண்கள் என்றால் ஊர்ப்பொது என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். ஆனால் ஒஹாயோ மாநிலத்தில் உள்ள ஓசிஎல்சி என்ற நூலகக் கூட்டுறவு அமைப்பு 1988-லேயே அந்த உரிமைகளை வாங்கியிருந்தது. டியூயி என்ற பெயர் அதன் வணிகக்குறி. 2003 செப்டம்பரில் ஹோட்டல் மீது வழக்குப் போட்டார்கள். திறந்த நாள் முதல் வந்த லாபத்தைப் போல மூன்று மடங்கு வரை கேட்டார்கள். லாபநோக்கற்ற ஒரு நூலக அமைப்பு, நூலகத்தைக் கொண்டாடும் ஒரு ஹோட்டலைக் கோர்ட்டுக்கு இழுக்கிறதே என்று பலர் முகம் சுளித்தார்கள். நவம்பரிலேயே சமாதானம் ஆனது. உரிமை யாருடையது என்பதை ஹோட்டல் ஒப்புக்கொண்டது, குழந்தைகளின் வாசிப்புக்காக ஓர் அமைப்புக்கு நன்கொடை கொடுத்தது, எண்களைத் தொடர்ந்து பயன்படுத்த அனுமதி வாங்கியது. ஏதாவது ஒன்றை அடையாளமாக வைத்து ஹோட்டல் தொடங்க நினைப்பவர்களுக்கு இதில் நேரடியான பாடம் உண்டு. பழைய, எல்லாருக்கும் தெரிந்த, பள்ளியில் படித்த விஷயம் என்பதாலேயே அதற்குச் சொந்தக்காரர் இல்லை என்று ஆகிவிடாது.

தமிழ் வாசகருக்கு அந்த மாடிகளில் இன்னொரு சின்ன உறுத்தல் இருக்கும். டியூயி முறையில் தமிழ் இலக்கியத்தின் எண் 894.811. ஐரோப்பாவின் பெரிய மொழிகளுக்கு மூன்றே இலக்கம். ஆங்கிலத்துக்கு 820, பிரெஞ்சுக்கு 840. ஈராயிரம் ஆண்டு இலக்கியம் 890 என்ற 'மற்றவை' பெட்டிக்குள் புள்ளி வைத்து நிற்கிறது. ரங்கநாதன் 1933-ல் கோலன் பகுப்பு என்ற தன் முறையை வெளியிட்டதற்கு இது மட்டும் காரணம் இல்லை. ஆனால் உலகத்தைப் பத்துப் பெட்டிகளுக்குள் முன்கூட்டியே அடைப்பதில் அவருக்கு உடன்பாடு இல்லை. பத்து மாடியில் அடைப்பதை என்ன சொல்லியிருப்பாரோ.

ஈரமும் காகிதமும்

சூரிச்சுக்குத் திரும்புவோம். அங்கே புத்தகத்துக்குப் பக்கத்தில் தண்ணீர் இருக்கிறதே, அதுதான் இந்த ஹோட்டலின் தனித்தன்மை.

காகிதத்துக்கு ஈரம் ஆகாது. காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நிலைத்தால் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். சென்னையில் பீரோவைத் திறந்து பழைய புத்தகத்தை முகர்ந்தவர்களுக்கு இது தெரியும். வெந்நீர்த் தொட்டியும் நீராவி அறையும் உள்ள இடத்தில் ஈரப்பதம் அதைவிட எங்கேயோ இருக்கும். ஆகவே புத்தகம்-ஸ்பா ஹோட்டலில் இரண்டும் ஒரே கூரைக்குக் கீழ் இருக்கலாம், ஒரே காற்றில் இருக்க முடியாது. சூரிச்சில் புத்தகங்கள் ஹோட்டல் கூடத்தில், குளியல் நிலவறையிலும் மாடியிலும். குளியலுக்கு ஊர்க்காரர்களும் சீட்டு வாங்கி வருகிறார்கள். ஏற்பாடு சரியானதுதான். ஆனால் அதன் விளைவு என்ன? குளிக்கும் இடத்தில் புத்தகம் இல்லை, புத்தகம் உள்ள இடத்துக்கு ஈரத் தலையோடு யாரும் வரமாட்டார்கள். விளம்பரத்தில் சேர்ந்தே நிற்கும் இரண்டும், தங்குபவரின் நாளில் சந்தித்துக்கொள்வதே இல்லை.

உடம்பும் ஒத்துழைக்காது. அங்கே ஐரிஷ்-ரோமானியக் குளியல் என்று ஒரு முறை உண்டு. பெயரைக் கேட்டால் பழைய ரோமாபுரி என்று தோன்றும். உண்மையில் 1856-ல் அயர்லாந்தின் கார்க் பகுதியில் ரிச்சர்ட் பார்ட்டர் என்ற மருத்துவர் தொடங்கிவைத்தது. உலர்ந்த சூடான காற்று உள்ள அறைகளில் ஆரம்பித்து, தேய்த்துக் கழுவி, வெவ்வேறு சூட்டுத் தண்ணீரில் இறங்கி, கடைசியில் போர்த்திப் படுப்பது. ஜெர்மனியின் பாடன்-பாடன் நகரில் 1877-ல் திறந்த ஃபிரீட்ரிக்ஸ்பாட் என்ற குளியலகம் இந்த முறையால்தான் பெயர் பெற்றது. இதை முடித்துவிட்டு வருகிறவரின் நிலைமை நமக்குப் புதிது இல்லை. எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்று பகலில் தூங்காதே என்று பாட்டிகள் ஏன் மிரட்டினார்கள்? கண் சொருகும் என்பதால்தானே. சூட்டில் ரத்தக்குழாய் விரியும், ரத்த அழுத்தம் இறங்கும், வெளியே வந்ததும் உடம்புச் சூடு சரியும், தூக்கம் அமுக்கும். அந்த நிலையில் கையில் புத்தகம் கொடுத்தால் மூன்றாவது பக்கத்தில் அது மூக்கின் மேல் விழும்.

ஆகவே இப்படிப்பட்ட ஹோட்டலில் தங்குகிறவர்களுக்கு என் யோசனை, காலையில் படியுங்கள், மாலையில் குளியுங்கள். தலைகீழாகச் செய்தால் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போய்த் தூங்கிவிட்டு வந்ததாக ஆகும். அதிலும் தவறில்லை என்பவர்கள் இருக்கிறார்கள், நானும் சில நாள் அந்தக் கட்சி.

ஒரு கைவண்டி

எதிர்ப்பக்கத்து உதாரணம் ஒன்றைச் சொல்லாமல் இந்த ஆய்வு நிற்காது. வேல்ஸில் ஹவார்டன் என்ற சிற்றூர். நான்கு முறை பிரிட்டிஷ் பிரதமராக இருந்த கிளாட்ஸ்டன், எண்பது வயதைத் தாண்டிய பிறகு, தன் சொந்தப் புத்தகங்கள் 32,000-ஐ ஊர்மக்கள் படிக்கட்டும் என்று வீட்டிலிருந்து கைவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார். மகளும் வேலைக்காரரும் கூட. அப்படி உருவான நூலகத்தில் 1906-ல் தங்கும் பகுதியும் சேர்ந்தது. இப்போதும் 26 படுக்கையறைகளோடு நூலகமாகவே இருக்கிறது. அறையில் தொலைக்காட்சி கிடையாது. புத்தகத்தைக் குறித்துவைத்துவிட்டு அறைக்கு எடுத்துப் போகலாம்.

32,000-க்கும் 33,000-க்கும் எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஹவார்டனில் அந்த 32,000-மும் ஒரு மனிதர் ஏற்கெனவே சொந்தமாக வைத்திருந்தவை, பலவற்றின் ஓரத்தில் அவர் குறிப்பு எழுதியவை, எங்கே இருக்கின்றன என்று பட்டியலில் இருப்பவை. சூரிச்சில் அதே எண்ணிக்கை ஒரு கூடத்தின் உயரத்தை நிரப்ப வந்தது. நான் சூரிச்சைக் குறை சொல்லவில்லை. அது தன்னை நூலகம் என்று நிரூபிக்க வேண்டிய அவசியம் இல்லாத ஹோட்டல். குடிக்க வருகிறவர் குடிக்கிறார், நிமிர்ந்து பார்க்கிறார், மனது நிறைகிறது. கோயிலுக்குப் போகிற எல்லாரும் விமானத்தில் உள்ள சுதைச் சிற்பங்களை ஏறித் தொட்டா பார்க்கிறார்கள்? ஆனால் படிப்பதற்காகவே ஒருவர் அறை எடுத்தால், அவருக்கு அந்த 11 மீட்டரில் கீழே உள்ள 2 மீட்டர்தான் ஹோட்டல்.

எனக்கு அந்தக் கூடம் கிடைத்தால் செய்வது பெரிதாக ஒன்றும் இல்லை. மேலே உள்ள 27,000-ஐத் தொடமாட்டேன், அது சரவிளக்கோடு சேர்ந்து தன் வேலையைச் செய்யட்டும். கீழே உள்ள 6,000-ஐ மட்டும் மாதாமாதம் கொஞ்சம் மாற்றுவேன். ரங்கநாதனின் நான்காவது விதி வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்கிறது. இரண்டு ராத்திரி தங்குகிறவருக்கு எண்ணூறு பக்க நாவலைக் காட்டி என்ன பயன்? சிறுகதைகள், கட்டுரைகள், கடிதங்கள் எல்லாம் கண் உயரத்தில் இருக்க வேண்டும். அறைக்கு எடுத்துப் போகலாம் என்று ஒரு சீட்டில் எழுதி ஒட்டியிருக்க வேண்டும், பெரும்பாலானவர்கள் கேட்கக் கூச்சப்பட்டே எடுக்காமல் விடுவார்கள். கட்டில் விளக்கு படிக்கத் தோதான வெளிச்சம் தர வேண்டும். 'மூட் லைட்டிங்' என்ற பெயரில் மஞ்சள் இருட்டைப் போட்டுவைப்பதுதான் புத்தகம் பேசும் ஹோட்டல்களில் நான் கண்ட பெரிய நகைச்சுவை.

அப்புறம் அந்தப் பாதி படித்த புத்தகம். பகல் பன்னிரண்டு மணிக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும், கதையில் எண்பது பக்கம் பாக்கி. சாதாரண ஹோட்டலில் இல்லாத இந்தச் சங்கடத்துக்கு யாரும் நல்ல வழி கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை. விற்கலாம், தபாலில் திருப்பி அனுப்பச் சொல்லலாம், ஒன்றை வைத்துவிட்டு ஒன்றை எடுத்துக்கொள்ள விடலாம். கடைசி வழிதான் மலிவு. கொஞ்ச நாளில் அலமாரியில் எந்தெந்த மொழியெல்லாமோ சேர்ந்துவிடும். எங்கேயாவது ஓர் அலமாரியின் கீழ்த்தட்டில், யாரோ விட்டுப்போன தமிழ்ப் புத்தகம் ஒன்று, நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் பஸ் டிக்கெட்டோடு இருக்கவும் கூடும்.